எங்கக்கா கடைசியா திட்டின நேரம்

முதல்லயே சொல்லிடுறேன், இதை நான் எழுதல. எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சோடா விக்கப் போறேன்? போனை வாய்கிட்ட வெச்சுக்கிட்டுப் பேசுறேன், அது பாட்டுக்கு எழுதிக்குது. அது தப்பா எழுதினதை எங்க வீட்டுக்காரி உக்காந்து திருத்துறா. நடுவுல "இதெல்லாம் எதுக்கு மாமா சொல்ற?"ன்னு கேக்குறா, அதையும் போன் எழுதிடுது. அப்புறம் அவளே அழிக்கிறா.

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவன். போனவன்னுதான் சொன்னேன், படிச்சவன்னு சொல்லல. எழுத்துக்கும் எனக்கும் ஆகாது. நம்பர் மட்டும் வரும். பஸ் நம்பர், போன் நம்பர், கடிகாரம் இதெல்லாம் பாத்தா தெரியும். அப்படிப்பட்டவனைப் பாத்து ஒரு பெரிய டாக்டரு, "நீங்க நர்ஸிங் படிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன். கொஞ்சம் பீத்திக்குவேன், பொறுத்துக்கோங்க.

எங்க கடை அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை மேலயே இருக்குது. முன்னாடி ரூம்ல பாதி கடை, பாதி வீடு. கடைன்னா என்ன, ஒரு ஐஸ் பெட்டி, ஒரு சோடா மெஷின், எட்டு குழி வெச்ச ஒரு மர ரேக்கு. ரேக்குக்குப் பின்னாடி ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில். கட்டில்ல எங்கக்கா.

அக்கான்னா கூடப்பொறந்த அக்கா. அதே அக்காதான் எனக்கு மாமியாரும். எங்க பக்கம் அக்கா பொண்ணைக் கட்டுறது உண்டு, நானும் கட்டுனேன். மத்தவனுக்கெல்லாம் திட்டுறதுக்கு அக்கா தனி ஆளு, மாமியா தனி ஆளு. எனக்கு ரெண்டும் ஒரே வாயிலேர்ந்து வரும். காலையில தம்பின்னு திட்டுவா, சாயந்திரம் மருமகன்னு திட்டுவா. பொண்ணைப் பெத்தவளாச்சே, திருப்பிப் பேசவும் முடியாது.

எங்க வீட்டுக்காரி ஆசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையல் வேலைக்குப் போறா. வெள்ளைக்காரங்களுக்கு காரம் கம்மியா சாம்பார் வெப்பா. காலையில போனா சாயந்திரம்தான் வருவா. அதனால அக்காவைப் பாத்துக்கிறது நான். குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டு அம்மா வரும். மத்தபடி சாப்பாடு, மாத்திரை, திருப்பிப் படுக்க வெக்கிறது, சுகர் பாக்குறது, திட்டு வாங்குறது எல்லாம் என் டியூட்டி.

அக்கா ஏன் படுத்தான்னு சொல்லணும். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்காது, ஆனா சொல்லாம விட்டா பின்னாடி சொல்றது எதுவும் நிக்காது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு நாள் காலையில அக்கா இடது கையால காப்பி டம்ளரை எடுத்தா. டம்ளர் நழுவிப் போச்சு. "ஏன்டா, கையி மரத்துப் போச்சு"ன்னா. வாய் ஒரு பக்கமா லேசா இழுத்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு பெரிய வைத்தியன் மாதிரி சொன்னேன், "வாயுக்கா. ராத்திரி மொச்சைக்கொட்டை தின்னல்ல?" சொன்னதோட விட்டேனா? சோடாக்காரன் ஆச்சே. எலுமிச்சம்பழம் புழிஞ்சு, உப்பு போட்டு, ஒரு சோடாவை ஒடச்சு ஊத்திக் குடுத்தேன். குடிச்சா, புரையேறி இருமி மூக்கெல்லாம் வந்துச்சு. "பாத்தியா, கேஸ் வெளிய வருது"ன்னு நான் சந்தோஷப்பட்டேன். சொந்தக்காரங்க வந்து எண்ணெய் தேச்சாங்க. ஒருத்தர் திருநீறு போட்டாரு. மத்தியானம் வரைக்கும் ஆளாளுக்கு வைத்தியம். அப்புறம் கையும் காலும் தொங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம்.

அங்க இருந்த டாக்டரு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

யாருக்கும் தெரியல. விடியக்காலையிலயா, காப்பி குடிக்கும்போதா, முந்தின நாளா? ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் "வாயுன்னு நினைச்சு சோடா குடுத்தேன் சார்"ன்னேன். அவரு பேனாவைக் கீழ வெச்சிட்டாரு. திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. "இது மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிற பக்கவாதம். அடைப்பைக் கரைக்கிறதுக்கு ஊசி இருக்குது, ஆனா ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், நேரம் தெரியாம போட முடியாது"ன்னு மட்டும் சொன்னாரு.

இடது கை, இடது கால் போச்சு.

எங்கக்கா அதை மறைக்கிற ஆளா? கட்டில்ல உக்காந்துக்கிட்டு, ஜன்னல் வழியா வர்ற கஸ்டமருக்கெல்லாம் சொல்லுவா. "பாத்துக் குடிங்கப்பா. இவன் கையால சோடா குடிச்சுத்தான் என் கை போச்சு." கஸ்டமரு டம்ளரைப் பாப்பான், என்னைப் பாப்பான். நான் பல்லைக் காட்டுவேன். அவ சிரிப்பா. நானும் சிரிப்பேன். சிரிச்சுட்டு ஐஸ் பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஐஸ் ஒடைப்பேன், கொஞ்ச நேரம்.

அவகிட்ட மிச்சம் இருந்தது ரெண்டுதான். வலது கை, அப்புறம் வாய். வலது கையால சாப்பிடுவா, தலை சீவிக்குவா, என் மேல பிளாஸ்டிக் மக்கைத் தூக்கி வீசுவா. குறி தப்பாது. வாய் பத்திச் சொல்லவே வேணாம். அந்த ரெண்டும் போயிடக்கூடாது, அதுவும் என் கையால போயிடக்கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் பயம்.

அதனால, வீட்ல படுத்திருக்கிறவங்களைப் பாத்துக்கிறவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் கிளாஸ் எடுக்குறாங்கன்னு தெரிஞ்சதும் போனேன். ஊர்ப் பொதுக் கட்டடத்துல நடக்கும். நர்ஸம்மா வந்து சொல்லிக் குடுப்பாங்க. போய்ப் பாத்தா பதினாலு பொம்பளைங்க, நான் ஒருத்தன். "அண்ணே, சோடா இங்க விக்க மாட்டாங்க"ன்னு ஒரு பொண்ணு கிண்டல் பண்ணிச்சு. "நான் படிக்க வந்தேன்"ன்னேன். அதுக்கு எல்லாரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே, நான் சொன்ன ஜோக்குக்குக்கூட அப்படி யாரும் சிரிச்சது கிடையாது.

நர்ஸம்மா முதல் நாள் கேட்டாங்க, "ஒருத்தர் மயங்கிக் கிடக்குறாங்க. மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"கையில சாவியைக் குடுப்போம்"னு ஒரு அம்மா. "வெங்காயத்தை நசுக்கி மூக்குல வெப்போம்"னு இன்னொரு அம்மா. நான் வாயைத் தெறந்தேன். நர்ஸம்மா கையைக் காட்டிட்டாங்க. "அண்ணே, நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். வேணாம்."

அப்புறம் சொன்னாங்க. "மொதல்ல தோளைத் தட்டிக் கூப்பிடணும். கண்ணு தெறக்குதா, பதில் வருதான்னு பாக்கணும். அதுக்குப் பேரு நினைவு. போன்ல நீங்க 'ஒரு மாதிரி கிடக்குறாங்க'ன்னு சொன்னா அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு என்ன புரியும்? நினைவு இருக்குது, மூச்சு இருக்குது, பேச்சு இல்ல, இப்படிப் பிரிச்சுச் சொல்லுங்க. வார்த்தை சரியா இருந்தா வைத்தியம் போன்லயே ஆரம்பிச்சிடும்."

எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. ஆனா நெஞ்சை அமுக்கிக் காட்டுறதுக்கு ஒரு பொம்மை வெச்சிருந்தாங்க, அதுல என் மானம் போச்சு. நான் அமுக்கினேன். பொம்மைக்கு மூச்சு வந்துச்சோ இல்லையோ, எனக்கு மூச்சு வாங்கிச்சு. பக்கத்துல இருந்த அம்மா எனக்கு விசிறி விட்டுச்சு.

கடைசியில எல்லாருக்கும் ஒரு பேப்பர் குடுத்தாங்க. எட்டு வார்த்தை, எட்டுக்கும் விளக்கம். எல்லாரும் மடிச்சுப் பையில வெச்சாங்க. நான் அதை வெச்சு என்ன பண்றது? நர்ஸம்மாகிட்ட போய், "எனக்கு எழுத்து வராதும்மா, இன்னொரு தடவை வாயால சொல்லுங்க"ன்னேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. அவங்க சிரிக்கல. உக்கார வெச்சு எட்டையும் மூணு தடவை சொன்னாங்க. நான் வீட்டுக்கு வர்ற வழியில ரெண்டை மறந்துட்டேன்.

கடையில வந்து நின்னேன். எதிர்ல ரேக்கு. எட்டு குழி, எட்டு பாட்டில். இந்த ரேக்குல எது எங்க இருக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கலர் சோடா பேரைப் படிச்சா எடுக்கிறேன்? எடத்தை வெச்சுத்தான் எடுக்கிறேன். அப்படின்னா வார்த்தையையும் எடத்துல வெச்சுட்டா?

வெச்சேன். முதல் குழி வெறும் சோடா, அது நினைவு. ஏன்னா அதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம், அது இல்லாம மத்ததைப் போட முடியாது. ரெண்டாவது பன்னீர், அது மூச்சு. மூக்கால இழுத்தாலே தெரியும். மூணாவது லெமன், மூஞ்சி கோணல். குடிச்சவன் மூஞ்சியைப் பாத்தா புரியும். நாலாவது ஆரஞ்சு, கை. ஒரு தடவை ஆரஞ்சு கலரைக் கையில கொட்டிக்கிட்டு மூணு நாளு ஆரஞ்சுக் கையோட ஊரைச் சுத்துனேன், அதனால. ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா எது கீழ விழுதுன்னு பாக்கணும். அஞ்சாவது திராட்சை, பேச்சு. குடிச்சா நாக்கு கருநீலமா ஆயிடும். ஆறாவது நன்னாரி, சுகர். சுகர் ரொம்ப எறங்கிட்டாக்கூட பக்கவாதம் மாதிரியே காட்டுமாம், அதனால குத்திப் பாத்துச் சொல்லணும். ஏழாவது இஞ்சி, வலிப்பு. இஞ்சி சோடா உடம்பை ஒரு உலுக்கு உலுக்கும்.

எட்டாவது குழியில பைனாப்பிள். அது என்னோட சொந்தக் கண்டுபிடிப்பு. போட்ட நாள்லேர்ந்து விக்கவே இல்ல. அக்கா ஒரு வாய் குடிச்சிட்டு, "கக்கூஸ் கழுவ நல்லாருக்கும்டா"ன்னா. எப்பவும் அங்கயே நிக்கும். அதுக்கு நேரத்தைக் குடுத்தேன். நர்ஸம்மா அதை மட்டும் தனியா அழுத்திச் சொன்னாங்க. "நீங்க பாத்த நேரம் இல்ல அண்ணே. விழுந்த நேரம் இல்ல. கடைசியா நல்லா இருந்த நேரம். டாக்டருக்கு வேண்டியது அதுதான்."

தினமும் காலையில பாட்டில் அடுக்கும்போது சத்தமா சொல்லிக்கிட்டே அடுக்குவேன். "நினைவு, மூச்சு, மூஞ்சி, கை, பேச்சு, சுகர், வலிப்பு, நேரம்." ஜன்னல்லேர்ந்து அக்கா, "எருமைக்கு மந்திரம் ஓதிக் குடுத்தது யாரு?"ம்பா.

போன மாசிப் பௌர்ணமி. வெயில் அப்பவே ஆரம்பிச்சிடுச்சு. பௌர்ணமின்னா எங்களுக்கு மூணு நாள் வியாபாரம் ஒரே நாள்ல. மத்தியானத்துலேர்ந்தே ஜனம் நடக்க ஆரம்பிச்சிடுச்சு. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து எலுமிச்சம்பழம் கொண்டு வர்ற வேன்காரன் போன் பண்ணினான். "அண்ணே, இதுக்கு மேல வண்டி விட மாட்டேங்கிறாங்க. நீயே வந்து மூட்டையைத் தூக்கிக்க." நான் போய்த் தூக்கிக்கிட்டு வந்து எறக்கினேன். ரெண்டு பழம் உருண்டு அக்கா கட்டிலுக்கு அடியில போச்சு. அவ ஆரம்பிச்சா. "கண்ணு பொடனியிலயாடா இருக்குது? மூட்டை தூக்குற லட்சணத்தைப் பாரு. உனக்குப் போய் என் பொண்ணைக் குடுத்தேனே..." இன்னும் நெறைய. என் பொறப்பு வரைக்கும் போயிட்டா. பொறப்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்னு அவளுக்கு அந்த நேரத்துல ஞாபகம் வராது.

அப்புறம் கூட்டம். மூச்சு விட நேரமில்ல. ஒடச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கேன். ரேக்கு காலியாகிக்கிட்டே வருது, பைனாப்பிளைத் தவிர.

ஒரு கோலி சோடாவை எடுத்தேன். கை ஈரம், வழுக்கிடுச்சு. கல்லு மேல விழுந்து பட்டாசு மாதிரி சத்தம். கோலிக்குண்டு உருண்டு ரோட்டுக்குப் போயிடுச்சு. நான் தோளைக் குறுக்கிக்கிட்டு நின்னேன். திட்டு வரப்போகுதுல்ல, அதுக்கு.

வரல.

இன்னும் கொஞ்சம் நின்னேன். கஸ்டமரு கை நீட்டிக்கிட்டே நிக்கிறாரு. ஜன்னல் பக்கத்துலேர்ந்து ஒரு சத்தமும் இல்ல. எங்கக்கா பாட்டில் ஒடஞ்சு திட்டாம இருந்ததே கிடையாது. தூங்கினாலும் எழுந்து திட்டிட்டுத் தூங்குவா.

உள்ள ஓடினேன்.

கண்ணு தெறந்துதான் இருந்தா. என்னைப் பாத்தா. வாய் வலது பக்கம் தொங்கி எச்சில் வழியுது. தோளைத் தட்டினேன். "அக்கா, நான் யாரு?" உதடு அசையுது, வார்த்தை வரல. "கையைத் தூக்கு"ன்னேன். அந்த வலது கை, என் மேல மக்கு வீசுற கை, கட்டில் மேல ஈரத்துணி மாதிரி கிடந்துச்சு.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு எடுத்துச்சு. "சொல்லுங்க சார், என்ன ஆச்சு?"

எல்லாமே மறந்து போச்சு. ஜன்னல் வழியா ரேக்கைப் பாத்தேன், அங்கதானே எல்லாத்தையும் வெச்சிருக்கேன். அன்னைக்குன்னு பாத்து வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு! ஏழு குழியும் காலி. நல்லா வித்தா அதுவும் தப்பாப் போகுது என் தலையெழுத்துல.

ஆனா குழி இருந்துச்சுல்ல. முதல் குழியைப் பாத்தேன். பாட்டில் இல்லாட்டி என்ன, எடம் இருக்குது. வாய் அதுவா தெறந்துச்சு.

"நினைவு இருக்குதும்மா. கண்ணு தெறந்திருக்காங்க, என்னைப் பாக்குறாங்க. மூச்சு நல்லா இருக்குது. மூஞ்சி வலது பக்கம் கோணிடுச்சு. வலது கை விழுந்துடுச்சு. இடது கை பழசு, ரெண்டு வருஷம் முன்னாடி போனது. பேச்சு வரல."

"சார், மெதுவா..."

"இரும்மா, இன்னும் மூணு குழி இருக்குது."

அந்தப் பொண்ணு என்ன நெனச்சுச்சோ. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு சுகர் மெஷினை எடுத்தேன். அக்கா விரல்ல குத்தினேன். எப்பவும் குத்தினா ஏழு தலைமுறையை இழுப்பா. இப்ப விரலைக்கூட இழுத்துக்கல. அப்பதான் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. மெஷின்ல நம்பர் வந்துச்சு. நம்பர் எனக்கு வரும். "சுகர் நூத்தி நாப்பத்தெட்டு. வலிப்பு வரல."

"பேஷண்ட் எப்போலேர்ந்து இப்படி இருக்காங்க சார்?"

எட்டாவது குழி. அங்க மட்டும் ஒரு பாட்டில் நின்னுச்சு. யாரும் வாங்காத என் பைனாப்பிள்.

"எப்பலேர்ந்துன்னு தெரியாதும்மா. ஆனா கடைசியா நல்லா இருந்த நேரம் சொல்றேன், இரு." போன்ல வேன்காரன் கால் வந்த நேரத்தைத் தள்ளிப் பாத்தேன். ரெண்டு மணி. மூட்டையைத் தூக்கிக்கிட்டு வர பத்து நிமிஷம். "ரெண்டு பத்துக்கு நல்லா இருந்தாங்க. என்னைத் திட்டினாங்க. முழுசா திட்டினாங்க, ஒரு வார்த்தைகூட கொழறல."

"சரி சார், வண்டி வருது. வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க. தலையைக் கொஞ்சம் ஒசரமா வெச்சு ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

படுக்க வெச்சேன். இதுக்குள்ள கடை வாசல்ல கூட்டம் கூடிடுச்சு. மஞ்ச வேட்டி கட்டின ஒருத்தர் எட்டிப் பாத்தாரு. "கேஸா இருக்கும் தம்பி. ஒரு சோடா குடுங்க."

"சோடா கிடையாது!"

"கடையில ஒண்ணு நிக்குதே, மஞ்சளா."

"அது விக்கிறதுக்கு இல்ல சாமி!"

அவரு கூட வந்த அம்மா செம்பை நீட்டிச்சு. "கோயில் தீர்த்தம்ப்பா. வாயில ரெண்டு சொட்டு விடு, சரியாப் போயிடும்."

"தாயே, நெத்தியில வைங்க. கால்ல தெளிங்க. என் தலையில வேணும்னாலும் ஊத்துங்க. வாயில மட்டும் வேணாம். முழுங்க முடியாது, நுரையீரலுக்குப் போயிடும்."

அந்த அம்மா கோவிச்சுக்கல. நெத்தியில வெச்சுட்டு நகந்துச்சு. அது பெருசில்ல. பெருசு எதுன்னா, அக்கா என்னையே பாக்குறா. பாத்துட்டு கண்ணை கட்டிலுக்குக் கிட்ட இருந்த தண்ணிப் பானை பக்கம் கொண்டு போறா. திருப்பி என்னைப் பாக்குறா. தண்ணி கேக்குறா. எனக்கு நல்லாப் புரியுது. மொதல் தடவை அவ கேக்காத சோடாவைக் குடுத்தேன். இப்போ அவ கேக்குற தண்ணியைக் குடுக்கல. ஈரத்துணியால உதட்டை மட்டும் தொடச்சு விட்டேன். அந்தக் கண்ணுல இருந்த கோவம் இருக்கே, அதுக்கு வாய் தேவையே இல்ல.

மாத்திரைப் பையை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். ரோட்டுக்கு வந்து நின்னுக்கிட்டு, "சாமி, ஒரு ஓரமா நடங்க, ஆம்புலன்ஸ் வருது"ன்னு கத்தினேன். சோடா விக்கிற தொண்டை, மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். மஞ்ச வேட்டிக்காரரும் அவரு கூட வந்தவங்களும் கையைக் கோத்துக்கிட்டு ஜனத்தை ஒரு பக்கமா நிறுத்தினாங்க. வண்டி நடுவுல வந்துச்சு. எனக்கு அன்னைக்கு சாமி எங்க இருந்துச்சுன்னு கேட்டா, அந்தக் கோத்த கையைத்தான் சொல்லுவேன்.

டவுன் ஆஸ்பத்திரியில டாக்டரு ஓடி வந்தாரு. வந்ததும் அதே கேள்வி. "எப்போ ஆரம்பிச்சது?"

"எப்போன்னு தெரியாது சார். கடைசியா நல்லா இருந்த நேரம் ரெண்டு பத்து. பாத்தது ரெண்டே முக்காலுக்கு. சுகர் நூத்தி நாப்பத்தெட்டு. வாய்க்கு ஒண்ணும் குடுக்கல. மாத்திரை எல்லாம் இந்தப் பையில இருக்குது."

அவரு நின்னு என்னைப் பாத்தாரு. லுங்கி, கழுத்துல மாத்திரைப் பை, சட்டையெல்லாம் கலர் கலரா சோடா. "ரெண்டு பத்துன்னு கரெக்டா தெரியுமா?"

"தெரியும் சார். திட்டினா."

"என்ன திட்டினாங்க?"

"அதை நர்ஸம்மாங்க இருக்கிற எடத்துல சொல்ல முடியாது சார்."

பக்கத்துல ஒரு நர்ஸம்மா வாயைப் பொத்திக்கிச்சு. அப்பதான் டாக்டரு கேட்டாரு, "நீங்க நர்ஸிங் படிச்சிருக்கீங்களா?" நான் சொன்னேன், "இல்ல சார், சோடா." அவரு அதுக்கு மேல கேக்கல, அதுக்கு நேரமில்ல. ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான்னு சொல்லி உடனே ஊசி போட்டாங்க. அந்த ஊசி. ரெண்டு வருஷம் முன்னாடி நேரம் தெரியாம போடாம விட்ட அதே ஊசி.

எங்க வீட்டுக்காரி கெஸ்ட் ஹவுஸ்லேர்ந்து ஏப்ரனோட ஓடி வந்தா. வந்ததும், "மாமா, அம்மாவுக்கு என்ன குடுத்த?"ன்னு கேட்டா. கேட்டதுல தப்பில்ல, என் வரலாறு அப்படி. "ஒண்ணும் குடுக்கலடி"ன்னேன். "சத்தியமா?" "சத்தியமா." அவ என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். இதை அவ அழிக்கப் பாக்குறா, நான் விட மாட்டேன்.

மறுநாள் அக்கா வலது கைக் கட்டைவிரல் அசைஞ்சுச்சு. அதுக்கு மறுநாள் என் விரலைப் புடிச்சா. புடி லேசாத்தான் இருந்துச்சு. பேச்சு மட்டும் வரல. வெறும் காத்து வந்துச்சு. டாக்டரு, "வரும், பொறுங்க"ன்னாரு. நான் கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கிற ஜோக்கையெல்லாம் சொன்னேன். ஒண்ணுக்கும் சிரிக்கல. அதுல நோயைக் குத்தம் சொல்ல முடியாது, நல்லா இருக்கும்போதும் சிரிக்க மாட்டா.

மூணாம் நாளு காலையில, முழுங்க முடியுதுன்னு டாக்டரு பாத்துச் சொன்னதும், இட்லியைப் பால்ல கரைச்சு ஊட்டிக்கிட்டு இருக்கேன். வாயை மூடிக்கிட்டா. என்னை உத்துப் பாத்தா. தொண்டையைச் செருமினா. நாக்கு கொஞ்சம் தடிச்சுதான் இருந்துச்சு, ஆனா வார்த்தை வார்த்தையா வந்துச்சு.

"அந்த... பாட்டில... ஒடச்சது... நீதானடா?"

மூணு நாளா உள்ளுக்குள்ள வெச்சிருந்திருக்கா! சத்தம் கேட்டிருக்குது, திட்ட முடியல, அதை அப்படியே பத்திரமா வெச்சிருந்து குடுத்தா. வார்டுல இருந்த எல்லாருக்கும் கேக்குற மாதிரி நான் கத்தினேன், "ஆமாக்கா, நான்தான் ஒடச்சேன்!" பாட்டில் ஒடச்சதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட சோடாக்காரன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்.

இப்ப வலது கை முக்கால்வாசி வந்துடுச்சு. மக்கு வீசுறா, குறிதான் கொஞ்சம் தப்புது. பக்கத்துல போற கஸ்டமரு மேல படுது.

போன வாரம் கிளாஸ் எடுக்கிற நர்ஸம்மா கடைக்கு வந்தாங்க. "புதுசா ஆளுங்க வந்திருக்காங்க அண்ணே. நீங்க வந்து உங்க ரேக்கைக் காட்டுங்க"ன்னாங்க. நான் சட்டையை இஸ்திரி போட்டேன். எங்க கல்யாணத்துக்கு அப்புறம் இஸ்திரி போட்டது அதுதான் மொதல் தடவை. ரேக்கைத் தலையில தூக்கிக்கிட்டுப் போனேன். அக்காவை வீல்சேர்ல வெச்சு வீட்டுக்காரி தள்ளிக்கிட்டு வந்தா. "நானும் வரேன், இவன் என்ன உளர்றான்னு பாக்கணும்"னு அடம் புடிச்சா.

இருபது பேரு எனக்கு எதிர்ல உக்காந்திருக்காங்க. நோட்டு, பேனா எல்லாம் வெச்சிருக்காங்க. நான் சொல்றதை எழுதிக்கிறாங்க. மூணாங்கிளாஸ் வாத்தியாரு வெளிய நிக்க வெச்ச ஆளு நான், இன்னைக்கு முன்னாடி நின்னு பேசுறேன். ஒவ்வொரு பாட்டிலா எடுத்துக் காட்டினேன். எட்டாவதுக்கு வந்து, "இதுதான் நேரம். கடைசியா நல்லா இருந்த நேரம். இது இல்லைன்னா டாக்டரு கையில ஊசி இருந்தும் போட முடியாது"ன்னேன். ஒரு வயசான அம்மா எழுந்து, "தம்பி, மயங்கினவங்க தண்ணி கேட்டா?"ன்னு கேட்டுச்சு.

நான் பதில் சொல்றதுக்குள்ள பின்னாடிலேர்ந்து எங்கக்கா ஆரம்பிச்சுட்டா. "கேட்டேம்மா! கண்ணால கெஞ்சிக் கேட்டேன்! ஒரு சொட்டு குடுத்தானா பாவி? பானையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாம்மா, கல்நெஞ்சக்காரன். எங்கம்மா இவனைப் பெத்த நேரமா, இல்ல நான் இவனுக்குப் பொண்ணைக் குடுத்த நேரமா, எந்த நேரத்தைச் சொல்றதுன்னே தெரியல..."

நிறுத்தவே இல்ல. ஒரு வார்த்தை கொழறல. வலது கையை ஆட்டி ஆட்டித் திட்டினா. கிளாஸ் முழுக்கச் சிரிச்சு உருளுது. நான் கையில பைனாப்பிள் பாட்டிலோட நின்னுக்கிட்டு செவுத்துக் கடிகாரத்தைப் பாத்தேன்.

"எழுதிக்கோங்கம்மா"ன்னேன். "மணி பதினொன்னு நாப்பது. எங்கக்கா நல்லா இருக்கா."